பாறமுக்குவரை வந்த பஸ்

எங்கள் ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நல்லவர்களை என்ன கேட்பது? கேட்டால் அழுகிறார்கள். பிறகு நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

பாறசாலையில் ஹைவேயை விட்டுக் கிழக்கே திரும்பினால் ரப்பரும் மரச்சீனியும் வாழையுமாக ஏறி இறங்கிப் போகிறது ஒரு ரோடு. அது முடிகிற இடம் எங்கள் ஊர். அதற்குப் பிறகு தமிழ்நாடு. நம் கிணற்றடியில் நின்று துப்பினால் அந்த ஸ்டேட்டில் போய் விழும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சண்டை என்றால் இரண்டும். ஊர் இரண்டு முக்காக இருக்கிறது. கீழே சந்தமுக்கு. சந்தை, ரேஷன் கடை, வாசகசாலை எல்லாம் அங்கேதான். ஏற்றம் ஏறி மேலே வந்தால் பாறமுக்கு. இங்கே ஒரு பெரிய பாறையும் நாங்களும் மட்டும். நான் பிறந்தது சந்தமுக்கில், கட்டிக்கொடுத்தது பாறமுக்கில். அதனால் இரண்டு பக்கத்துப் பைத்தியக்காரத்தனமும் எனக்கு அத்துப்படி.

ஸ்டே பஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. திருவனந்தபுரத்திலிருந்து கடைசி ட்ரிப்பாக வருகிற அரசு பஸ் டிப்போவுக்குத் திரும்பாமல் எங்கள் ஊரிலேயே படுத்துக்கொள்ளும். டிரைவரும் கண்டக்டரும் இங்கேயே உறங்குவார்கள். விடிவதற்கு முன்னால் அதே பஸ் இங்கிருந்தே முதல் ட்ரிப் கிளம்பும். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை, தம்பானூர் என்று போய் மெடிக்கல் காலேஜில் முடியும். பஸ் ஊரில் படுத்தால்தான் ஊர் வேலைக்குப் போக முடியும். டிப்போவில் படுத்தால் அது காலையில் அங்கிருந்து வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

அந்த பஸ் வந்த காலத்தில் நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிகிற பிள்ளை. அதுவரை பாறசாலைவரை நடைதான். ரோட்டை அகலப்படுத்தினால் பஸ் விடலாம் என்று அதிகாரிகள் சொன்னதும் ஊரே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கியது. இரண்டு பக்கத்து வேலியையும் பிடுங்கித் தள்ளி வைத்தார்கள். அதிகம் நிலம் விட்டுக்கொடுத்தவர்கள் பாறமுக்குக்காரர்கள், ஏனென்றால் ரோடு நீளமாக ஓடியது அவர்கள் பறம்புகளின் வழியாகத்தான். ஆனால் பஸ் வந்த அன்றைக்கு டிரைவர் சந்தமுக்கில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே நிமிர்ந்து பார்த்தார். ஏற்றத்தின் நடுவளைவில் ஒரு பாறை ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். அதோடு சந்தமுக்கே கடைசி ஸ்டாப் ஆனது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் போர்டிலும் அந்தப் பெயர் ஏறியது.

நிலம் கொடுத்தது நாங்கள், பஸ் நிற்பது அங்கேயா என்று பாறமுக்கில் அன்றைக்கே முணுமுணுப்பு தொடங்கியது. பின்னால் அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்து, தார் போட்டு, லாரியெல்லாம் மேலே வர ஆரம்பித்த பிறகும் பஸ் மட்டும் வரவில்லை. யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. நடந்து பழகிவிட்டது.

சந்தமுக்குக்காரர்களுக்கோ அந்த பஸ் வீட்டு மாப்பிள்ளை. வாசகசாலை மாடியில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரு முறி ஒதுக்கிக் கட்டில் போட்டார்கள், பின்பக்கம் ஒரு கக்கூஸ் கட்டினார்கள். ராச்சாப்பாடு வீட்டு முறை. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு. முறை வருகிற வீட்டில் அன்றைக்கு மீன் வாங்கியே ஆக வேண்டும். அம்மை கறி வைத்து வாயில் விட்டுப் பார்த்து, உப்பு போதாது என்று புலம்பி, மறுபடி பார்த்து, ஏதோ பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சமைக்கிற மாதிரி ஒரு ஆட்டம் ஆடுவாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டுக் கேக், ஓணத்துக்கு இன்னொரு வீட்டுப் பாயசம், எல்லாம் அந்த முறிக்குப் போகும். எத்தனையோ டிரைவர் மாறினார்கள், எத்தனையோ கண்டக்டர் மாறினார்கள். சோறு மாறவில்லை. அம்மைக்குப் பிறகு என் அண்ணன் வீட்டில் மதினி வைத்தாள்.

நானும் அந்த முதல் ட்ரிப்பில் போனவள்தான். நகரத்தில் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைத்தேன். பஸ்ஸில் முன்பக்கம் முழுக்க எங்கள் ராஜ்ஜியம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவர்கள், பாலராமபுரத்தில் நெசவுக்கு நூல் சுற்றப் போகிறவர்கள். ஏறி உட்கார்ந்ததும் பாதிப்பேர் பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்ந்து உறங்கிவிடுவோம். யாருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டருக்குத் தெரியும், தட்டி எழுப்புவார். ஒருநாள் என்னை எழுப்ப மறந்து மெடிக்கல் காலேஜில் கொண்டு விட்டுவிட்டார். அவரை நான் திட்டிய திட்டில் அடுத்த ஒரு மாதம் கரமனை தாண்டும்போதே என் பெயரைச் சொல்லிக் கூவினார்.

அதே மெடிக்கல் காலேஜுக்கு வாரத்தில் மூன்று நாள் போக வேண்டிய காலம் வந்தது. எனக்கல்ல, என் வீட்டுக்காரருக்கு. ரப்பர் வெட்டுகிற ஆள். விடிவதற்குள் நூற்றுக்கணக்கான மரத்தைச் சுற்றி வருகிற காலுக்கு ஒருநாள் செருப்பு நுழையவில்லை. முகமும் வீங்கியது. பார்த்தால் கிட்னி இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் செய்தால் ஆள் இருப்பார், விட்டால் இல்லை என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். காலையில் முதல் ஷிப்டில்தான் இடம் கிடைத்தது. அந்த மெஷினுக்கு ஆள் வரிசையில் நிற்கிறது, நேரத்துக்கு வராவிட்டால் அடுத்தவரைப் போட்டுவிடுவோம் என்று முதல் நாளே நர்ஸ் சொன்னாள். முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேர எங்களுக்கு இருந்த ஒரே வழி ஸ்டே பஸ். நான் தையல் கடையை விட்டுவிட்டு அவரோடு போக ஆரம்பித்தேன்.

பஸ் பிரச்சினை இல்லை. பஸ் வரைக்கும் போவதுதான் பிரச்சினை. பாறமுக்கிலிருந்து சந்தமுக்குக்கு இறக்கம். இறக்கம்தானே என்பார்கள். கால் வீங்கி மரத்துப்போனவனுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். அந்த இருட்டில் ஆட்டோவும் கிடைக்காது. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வழியில் இருக்கிற மதில், வேலி, கரண்டுக் கம்பம் எல்லாவற்றையும் பிடித்துப் பிடித்து இறங்குவார். இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு காலையில் நடுவளைவில் வழுக்கி விழுந்தார். சேறும் ரத்தமுமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் கீழே இறங்கி நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒற்றசேகரமங்கலம் பக்கத்துக்காரர் அந்த டிரைவர். மலையடிவாரத்து ரோடுகளில் ஓட்டிப் பழகிய கை. என் வீட்டுக்காரரைத் தூக்கி ஏற்றிவிட்டு, “அண்ணா, நாள மொதல் நிங்க எறங்கி வரண்டாம். ஞான் வண்டிய அங்கோட்டு கொண்டு வராம்,” என்றார்.

“ஒங்களுக்கு வல்ல பிரச்சினையும் வருமோ?” என்று இவர் கேட்டார்.

“ஆரு பாக்கா இந்த நேரத்துல? வளைக்கதுக்கு அங்க எடம் உண்டுல்லா. செரியாவும்.”

மறுமுறை நாங்கள் வாசலில் நின்றோம். கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. ஹெட்லைட் வெளிச்சம் ரப்பர் மரங்களில் பட்டுக்கொண்டே மேலே ஏறி வந்தது. முக்கில் உள்ள பெரிய பாறையடியில் பஸ் திரும்பி எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரைக் கையைப் பிடித்து ஏற்றினேன், முன் ஸீட்டில் உட்கார வைத்தேன். அவர் என்னைப் பார்த்து, “பாத்தியா பிள்ளே, நமக்கும் பஸ்சு வந்தாச்சு,” என்று சிரித்தார். பஸ் காலியாக இறங்கிச் சந்தமுக்கில் போய் மற்றவர்களை ஏற்றிக்கொண்டது. அவர்களுக்கு ஒரு நிமிஷமும் பிந்தவில்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. என் அண்ணன்கூட அன்றைக்கு ஜன்னல் வழியாக, “அத்தான், இப்ப ராஜாவாட்டு வருதியளே,” என்று கேலி செய்தான்.

இப்படியே விட்டிருக்கலாம். யாருக்கு என்ன போயிற்று? விட மாட்டார்கள் எங்கள் ஆட்கள்.

பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட் வியாபாரம் பார்க்கிற ஒரு அண்ணாச்சி உண்டு. தங்கமான மனுஷர். என் வீட்டுக்காரருக்கு முதன்முதலில் மூச்சு முட்டியபோது தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தவர். அவருக்கு அந்த பஸ் மேலே வந்து திரும்புவதைப் பார்த்ததும் உள்ளே கிடந்த பழைய முணுமுணுப்பெல்லாம் முழித்துக்கொண்டது. நோயாளிக்காகத் திருட்டுத்தனமாக ஏன் வர வேண்டும், முறைப்படியே பாறமுக்குவரை நீட்டிக் கேட்போம் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார்கள். பாறையடியில் தகரம் போட்டு ஒரு ஷெட் கட்டினார்கள். ‘பாறமுக்கு ஸ்டே பஸ்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பிளெக்ஸ். அதில் ஒரு மூலையில் கைகூப்பிக்கொண்டு என் வீட்டுக்காரர். எங்கிருந்து அந்தப் போட்டோவை எடுத்தார்களோ. கல்யாண வீட்டில் எடுத்தது, சட்டைப் பையில் பேனாவெல்லாம் வைத்திருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டிப்போவுக்கு மனு கொடுக்கப் போகிற அன்று இவரை முன்னால் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்று கூப்பிட வந்தார்கள். நோயாளி நேரில் வந்தால் அதிகாரி மனசு இளகுமாம்.

“நிங்க போகாண்டாம், கேட்டியளா?” என்றேன். “வண்டி சத்தமில்லாம வருது. சத்தமில்லாம வந்துட்டுப் போட்டும்.”

“அவிய நமக்காக்கும் அலையுதாவ, பிள்ளே. நான் வரல்லேண்ணு சொன்னா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?”

“இருந்துட்டுப் போட்டும்!”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எட்டு மாதமாக மற்றவர்கள் தயவில் வாழ்கிறவனுக்கு முகத்தை முறிக்கிற வசதி இல்லை என்பது அந்தப் பார்வை. வேட்டியை மாற்றிக்கொண்டு போனார். மனுவில் பஸ்ஸை மேலே நீட்ட வேண்டும் என்பதோடு போர்டில் பெயரையும் பாறமுக்கு என்று மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியது யார் என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து என்றார்கள். அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

அன்று சாயங்காலமே என் அண்ணன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. முற்றத்தில் நின்றான்.

“ஒனக்க மாப்பிளைக்கு வண்டி வரட்டும். நான் வேண்டாம்ணு சொன்னனா? போர்டுல எதுக்குட்டி பேர மாத்தணும்?”

“போர்டுல என்ன எழுதுனா ஒனக்கு என்ன? அதையா சோத்துல பெசஞ்சு திங்கிய?”

“அம்மை வெளம்புன சோறாக்கும் அது. அந்தப் பஸ்ச இத்தன காலம் பாத்தது நாங்களாக்கும். நேத்து ஒரு தகரத்தப் போட்டுட்டு அது அவனுவளுக்க பஸ்சு ஆயிருமா?”

“எலே, உள்ள ஒரு மனுஷன் மூச்சு வாங்கிட்டுக் கெடக்காரு. அவருகிட்ட வந்து சொல்லு இத.”

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கொண்டுவந்த பப்பாளிப் பழத்தை நடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சொன்னேனே, நல்லவர்கள்.

யாரோ டிப்போவுக்குப் போன் போட்டார்கள். டிரைவர் அனுமதியில்லாத இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறார் என்று. யார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கேட்டு அண்ணன் பெயர் வந்தால் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விடும். ஒற்றசேகரமங்கலத்துக்காரரைத் தூக்கி வேறு எங்கோ போட்டார்கள். போகும்போது அவர் என் வீட்டுக்காரரிடம் கோபப்படக்கூட இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். புதிதாக வந்தவர் சந்தமுக்குக்கு மேலே ஒரு அடி ஏற்ற மாட்டேன் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுபடி இறக்கத்தில் நடந்தோம். அதுகூடப் பரவாயில்லை, பஸ்ஸாவது இருந்தது.

பாறமுக்குக்காரர்கள் விடுவார்களா? சந்தமுக்கில் ஸ்டே வேண்டாம், எங்களிடம் முறி இருக்கிறது, சோறும் போடுகிறோம் என்று இன்னொரு மனு. இது காதில் விழுந்ததும் கீழே உள்ளவர்கள் வாசகசாலை மாடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். மேலதான முறி இருக்கு, மேலயே போய் உறங்கட்டும் என்றார்கள். அன்றைக்கு முறைக்காரியாக இருந்த மதினி வைத்த மீன்கறி வைத்தபடியே இருந்தது. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. டிரைவரும் கண்டக்டரும் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறி வந்தார்கள். அண்ணாச்சி தன் ஷீட் கடை மாடியைக் கூட்டிப் பாய் விரித்துக் கொடுத்தார். ரப்பர் ஷீட் காயப்போட்ட முறி. அந்த நாற்றத்தில் எலிகூடப் படுக்காது. கக்கூஸ் வேறு இல்லை. கோழிக்கறியும் பொரித்த மீனுமாக அண்ணாச்சி வீட்டில் விருந்து வைத்தார்கள். அந்த மனுஷர்கள் பாவம், தின்றுவிட்டு எங்கே போவார்கள்? கீழே பஸ்ஸுக்குள்ளேயே கொசுக்கடியில் போய்ப் படுத்தார்கள்.

கொஞ்ச நாள் இப்படி ஓடியது. பிறகு டிப்போவில் ஒரு முடிவெடுத்தார்கள். தங்குவதற்கு வசதி இல்லாததால் ஸ்டே நிறுத்தப்படுகிறது. முதல் பஸ் இனி டிப்போவிலிருந்தே வரும்.

அந்தச் செய்தி வந்த அன்று இரண்டு முக்கிலும், ஒரு பண்டத்தை இரண்டு பேர் இழுத்துக் கிழித்துவிட்டுக் கையில் இருப்பதைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். அடுத்த நாள் எங்களுக்கு டயாலிசிஸ்.

வெயில் ஏறின பிறகு வந்த பஸ்ஸில் போனோம். பாலராமபுரத்தில் பிளாக்கு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி முன்னால் நிற்கிற வண்டிகளையெல்லாம் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் வேறு ஒரு ஆள் கிடந்தார். நர்ஸ் கெட்டவள் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு, “சேச்சி, ஞான் எந்து செய்யும்?” என்றாள். சாயங்காலம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்து, யாரோ வராததால் இடம் கிடைத்தது. அடுத்தமுறை கிடைக்கவில்லை. வேறு ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்தேன். காத்திருக்கச் சொன்னார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துப் பையன்களும் பைக்கோடு வந்தார்கள். யார் கொண்டுபோவது என்பதில்கூட முதல் வாரம் போட்டி. பாறசாலைவரை பைக்கில் கொண்டு விட்டால் அங்கிருந்து வேறு பஸ் பிடிக்கலாம். பைக்கில் இவர் நடுவில், பின்னால் நான் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு. தொங்குகிற காலை வைக்க இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் “அம்மோ” என்பார். பிறகு மழை பிடித்தது. ஒருத்தனுக்குத் தங்கச்சி கல்யாணம், ஒருத்தன் கல்ஃபுக்குப் போனான், ஒருத்தனுக்குக் காய்ச்சல். காரணமில்லாமல் யாரும் வராமல் இருக்கவில்லை. எல்லாமே உண்மையான காரணம். அண்ணாச்சியின் ஜீப் ஷீட் ஏற்றிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் வெளியே. வாடகைக்கார் பிடித்து எத்தனை தடவை போக முடியும்?

ஒரு காலையில் நான் அவரை எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்தார். வெளியே கொட்டுகிற மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னைக்கு வேண்டாம், பிள்ளே.”

“வேண்டாம்ணா?”

“ஆரையும் விளிக்க வேண்டாம். அந்தப் பய மழையில நனைஞ்சுட்டு வருவான். வந்து அங்க எடமில்லேண்ணா திரும்பி வரணும். எனக்கு ஒக்கல்ல, முடியல்ல.”

நான் கத்தினேன். என்னைப் பற்றி நினைத்தீர்களா என்று கேட்டேன். பிளெக்ஸில் கைகூப்பி நிற்கத் தெரிந்ததல்லவா, இப்போது எழுந்து நிற்கத் தெரியவில்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போன் போட்டேன், கார் வந்தது, அன்றைக்குக் கொண்டுபோனேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவரை எழுப்புவதே ஒரு போராட்டமாகிவிட்டது. வாரத்தில் மூன்று இரண்டானது. இரண்டு ஒன்றானது. உடம்பில் நீர் ஏற ஏறப் பேச்சு குறைந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே உறங்கினார்.

மறுவருஷம் கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், ஒரு நடுப்பகலில் மூச்சு இழுத்தது. நல்லவேளையாக அண்ணாச்சியின் ஜீப் இருந்தது. அவர் ஓட்ட, பின்னால் என் மடியில் தலை. கீழே சந்தமுக்கில் என் அண்ணன் ஓடிவந்து ஏறி இவருடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அந்த ஜீப்பில் அண்ணாச்சியும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அமரவிளைப் பாலம் ஏறும்போது என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது, காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். அண்ணாச்சி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவர் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிவரை அப்படியே போனோம். எதற்கு அவ்வளவு வேகம் என்று நான் யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு இரண்டு முக்கும் வந்தது. முதலில் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். பந்தி பரிமாறும்போது அண்ணன் சோற்று வாளியும் அண்ணாச்சி குழம்பு வாளியுமாக ஒரே வரிசையில் வந்தார்கள். எல்லாம் முடிந்து கை கழுவிவிட்டு மாமரத்தடியில் ஒன்றாகக் கூடி நின்று பேசினார்கள். நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உயிர் போனது போதும், இனி நாம் சேர்ந்து போய்க் கேட்போம் என்று முடிவாயிற்று. அண்ணாச்சி என் அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணனும் அழுதான். அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை. பாத்திரம் கிடந்தது, தேய்த்தேன்.

ஒன்றாகப் போய்க் கேட்டால் எவ்வளவு எளிதில் கிடைக்கிறது தெரியுமா? கீழே வாசகசாலை முறியைத் திறந்து வெள்ளையடித்தார்கள். பஸ் கீழேதான் படுக்கும், காலையில் மேலே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும். போர்டில் இரண்டு பெயரும். ராச்சாப்பாட்டு முறையில் பாறமுக்கு வீடுகளையும் சேர்த்தார்கள். இதையெல்லாம் யோசிக்க இவர்களுக்கு என்ன மூளை இல்லாமலா இருந்தது?

முதல் நாளன்று நான்தான் முதலில் ஏற வேண்டுமாம். அவருடைய ஆத்மாவுக்கு அது சமாதானமாம். கேட்க வந்த பெண்களை நான் வாயில் வந்தபடி ஏசி அனுப்பினேன். ஆனால் அந்த நேரத்துக்கு எனக்கு எப்படியும் முழிப்பு வந்துவிடுகிறது. கீழே எஞ்சின் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றேன். பாறையடியில் வாழை கட்டி, குருத்தோலைத் தோரணம் கட்டி, ஊரே நின்றது. பஸ் திரும்பி வந்து என் வீட்டு முன்னால் நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க எனக்கு அந்தப் படிக்கட்டைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஏறினேன். முன் ஸீட்டில் உட்கார்ந்தேன். யாரோ கைதட்டினார்கள். அண்ணன் கையில் மாலையோடு கூடவே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் மணி அடித்தார்.

புதுக் கண்டக்டர், சின்ன வயசு. டிக்கெட் மெஷினோடு வந்து, “சேச்சி, எவிடேக்கா?” என்றார்.

எங்கே என்று நான் என்ன சொல்வது? மெடிக்கல் காலேஜில் எனக்கு இனி யார்? தையல் கடையில் என் மெஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த பஸ் போகிற வழி முழுக்க எனக்கு இறங்க ஒரு இடம் இல்லை.

“சந்தமுக்கு,” என்றேன்.

அவர் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். நான் அதை வாங்கிக் கையில் பிடிப்பதற்குள் பஸ் நடுவளைவு தாண்டிவிட்டது. முந்தானையை இழுத்து விடுவதற்குள் சந்தமுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு கொட்டாவி விடுகிற நேரம். இவ்வளவு தூரத்துக்காகத்தான் ஷெட் கட்டினார்கள், மனு எழுதினார்கள், முறியைப் பூட்டினார்கள்.

இறங்கினேன். அங்கேயும் மாலை, அங்கேயும் ஜனம். விலக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னாலேயே அண்ணன் இறங்கி ஓடிவந்தான். மாலையை எங்கே போட்டானோ, கை வெறுமையாக இருந்தது.

“மக்கா, நில்லு. இருட்டாக்கும். நான் பைக்க எடுத்துட்டு வாறேன், கொண்டு விடுகேன்.”

நான் நிற்கவில்லை.

“வேண்டாம்,” என்றேன். “எனக்கு நடக்க ஒக்கும். ஒக்காத ஆளு போயாச்சு.”